எந்த ஆண்டின் அசல்? கோல்ட் ராணுவச் சுழல்துப்பாக்கியும் ‘ஒரே எண்’ என்னும் அளவுகோலும்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போரிடையே ஒரு விதி வேதவாக்காக வழங்கிவருகிறது. எல்லாப் பாகங்களிலும் ஒரே வரிசை எண் இருந்தால் அசல். எண் மாறினால் ஒட்டுப்போட்டது. ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான். ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை இவ்விதியைக் குறைசொல்ல அதிகமில்லை. ஆனால் அமெரிக்கத் தரைப்படை 1873இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்னும் சுழல்துப்பாக்கியிடம் வரும்போது அது தடுமாறுகிறது. அவற்றுள் ஒரு பெரும் பிரிவில் எண்கள் கலந்து கிடப்பதே முறை. எல்லாம் ஒத்துப்போனால்தான் புருவத்தை உயர்த்த வேண்டும். ஒரு துப்பாக்கி அசலா என்று கேட்கும் முன், எந்த ஆண்டின் நிலைக்கு அசல் என்று கேட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரலாறு சுருக்கமானது. 1873 முதல் 1891 வரை கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் ஆலையிலிருந்து ஏறத்தாழ 37,000 துப்பாக்கிகளை அரசு வாங்கியது. 45 காலிபர், 7½ அங்குலக் குழல், குதிரைப்படைக்கென்று. 1892இல் ராணுவம் 38 காலிபர் இரட்டைச் செயல் துப்பாக்கிக்கு மாறவே பழையவை கிடங்குக்குப் போயின. 1895 முதல் இலகு பீரங்கிப் பிரிவுக்காக அவற்றுள் பலவற்றை வெளியே எடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டு அரசுப் படைக்கலச் சாலையில் குழலை 5½ அங்குலமாக வெட்டினார்கள். வேலை மொத்தமாக நடந்தது. கழற்றிய பாகங்களைத் துப்பாக்கிவாரியாகப் பிரித்துவைக்க யாரும் மெனக்கெடவில்லை. கைக்கு வந்த உருளை, கைக்கு வந்த சட்டகத்தில் ஏறியது. பின்னாளில் கோல்ட் ஆலையும் அரசுக்காக இதே பணியை 1903 வரை செய்தது. பிலிப்பைன்ஸ் போரில் 38 காலிபர் குண்டுக்கு எதிராளியை நிறுத்தும் வலு போதவில்லை என்று புகார் எழுந்தபோது, இந்தப் பழைய 45களுக்கு மீண்டும் கிராக்கி வந்தது. இவ்வகைக்கு ‘ஆர்ட்டிலரி மாடல்’ என்று பெயர் வைத்தவர்கள் சேகரிப்பாளர்கள். பீரங்கிப் பிரிவுக்கு வெளியிலும் இது தாராளமாகப் புழங்கியது: 1898இல் கியூபாவில் தியடோர் ரூஸ்வெல்ட்டோடு சென்ற ‘ரஃப் ரைடர்ஸ்’ தன்னார்வப் படையினரின் இடுப்பில் இருந்ததும் இதுதான்.

இனி பொருளையே பார்க்கலாம். குழலின் மேல்முகட்டில் கோல்ட் நிறுவனத்தின் பெயரும் ஹார்ட்ஃபோர்ட் முகவரியும் ஒரே வரியில் பொறிக்கப்பட்டிருக்கும். 7½ அங்குலக் குழலில் அவ்வரி ஏறக்குறைய நட்டநடுவில் அமையும். முன்முனையிலிருந்து 2 அங்குலத்தை வெட்டிவிட்டால் எழுத்து இடம் மாறாது, ஆனால் குழலின் நடு பின்னுக்கு நகர்ந்துவிடும். வரி முன்முனையை ஒட்டி நிற்கும். ஆலையிலேயே 5½ அங்குலமாகச் செய்து பொதுமக்களுக்கு விற்ற குழலில் முகவரி அந்த நீளத்துக்கே நடுவாக இருக்கும். ஆகவே ‘ஆர்ட்டிலரி’ என்று நீட்டப்படும் துப்பாக்கியில் முகவரி நடுவே அழகாக உட்கார்ந்திருந்தால், அந்தக் குழல் எப்போது, யார் கையால் வந்தது என்ற கேள்வி உடனே எழ வேண்டும். முகவரியின் இடத்தைப் பார்க்க ஓர் அளவுகோல் போதும். கண்ணுக்கு நேரே கிடக்கும் இச்சான்றை விட்டுவிட்டு எண்ணைத் தேடி உருப்பெருக்கியோடு குனிபவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

மெருகைப் படிப்பது இதைவிடக் கடினம். ராணுவத்துக்குப் போன துப்பாக்கியில் குழல், உருளை, விசைக்காப்பு, முதுகுப்பட்டை ஆகியவை நீலம் ஏற்றியவை. சட்டகமும் சுத்தியலும் வேறு வகை: எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தப்பட்டவை. அந்தப் புடத்தில்தான் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த திட்டுத்திட்டான நிறம் வருகிறது. வெளிச்சம் பட்டும் கை பட்டும் அது வெள்ளிச் சாம்பலாக வெளுக்கும். கை எட்டாத இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் தங்கும். திறந்த பரப்பில் நிறம் பளிச்சிட, இடுக்குகள் வெளுத்திருந்தால் அது காலத்தின் வேலையாக இருக்க வழியில்லை.

மரமும் உலோகமும் சேரும் விளிம்பு இன்னொரு நல்ல சாட்சி. வால்நட் கைப்பிடியைச் சட்டகத்தில் பொருத்தியபின் இரண்டையும் சேர்த்தே மெருகிட்டார்கள். விரலை ஓட்டினால் தடங்கக் கூடாது. மரம் வயதில் சுருங்கும், இரும்பு சுருங்காது. எனவே மரம் ஒரு மயிரிழை உள்வாங்கியிருந்தால் அது மூப்பு. மரம் துருத்தி நின்றால் உலோகத்தை யாரோ தேய்த்திருக்கிறார்கள். குதிரைப்படைத் துப்பாக்கிக்கு இந்தத் தீர்ப்பு சரி. ஆர்ட்டிலரி வகைக்கு? ஒன்றின் கைப்பிடி இன்னொன்றின் சட்டகத்தில் ஏறியிருக்கலாம், மறுமெருகும் பெற்றிருக்கலாம். அந்தத் துருத்தல் அரசுப் பட்டறையிலேயே நேர்ந்திருக்கக் கூடும். அடையாளம் ஒன்றே, 1874இன் நிலையை நிறுவ வந்தால் அது எதிர்ச்சாட்சி, 1896இன் நிலையை நிறுவ வந்தால் பெரும்பாலும் துணைச்சாட்சி.

ஆய்வாளர் முத்திரைகளுக்கும் இதே கதி. தொடக்கத் துப்பாக்கிகளை ஹார்ட்ஃபோர்டில் சோதித்தவர் ஆர்வில் ஐன்ஸ்வொர்த். 1878இல் ஹென்றி நெட்டில்டன். 1880களில் பெரும்பகுதி டேவிட் கிளார்க். அவர்களுடைய தலைப்பெழுத்துகள் கைப்பிடி மரத்தில் சட்டமிட்ட முத்திரையாக அழுந்தியிருக்கும். நெட்டில்டன் முத்திரை அரிது, விலை கூடுதல், ஆகவே போலிகளும் அதற்கே மிகுதி. மறுசீரமைப்பின்போது ஒப்புதல் முத்திரையிட்டவர் ரினால்டோ கார். ஐன்ஸ்வொர்த் காலத்துச் சட்டகத்தில் கார் முத்திரையிட்ட கைப்பிடியைக் கண்டதும் ‘காலம் பொருந்தவில்லை’ என்று ஒதுக்குவது அவசரம். 5½ அங்குலத் துப்பாக்கியில் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

சட்டகத்தின் இடப்பக்கத்து ‘யு.எஸ்.’ எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். முத்திரை அச்சு இரும்பில் இறங்கும்போது சுற்றிலும் உலோகம் பிதுங்கும். ஆலையில் பொறித்தபின் மெருகிட்டார்கள், பிறகே புடம் போட்டார்கள். ஆகவே பிதுக்கம் தேய்ந்து சமமாகி, எழுத்துப் பள்ளத்தின் உள்ளும் புறமும் நிறம் ஒன்றாக ஓடும். பொதுச்சந்தைத் துப்பாக்கியில் பின்னாளில் ‘யு.எஸ்.’ அடித்து ராணுவப் பிறவியாக்கும்போது எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு நிற்கும், பழைய மெருகு அங்கே முறிந்திருக்கும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வரப்பின் நிழல் தெரியும். வரப்பைத் தேய்த்து மறைக்கப் போனால் பக்கத்திலுள்ள காப்புரிமைத் தேதிகள் மழுங்கும், திருகுத் துளைகளின் வாய் தட்டுப்போல் குழியும். ஒரு பொய்யை மறைக்க இரண்டு தடயம்.

காகிதச் சான்றுக்கு வருவோம். கோல்ட் ஆவணக் காப்பகம் பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தரும்: இந்த எண்ணுள்ள துப்பாக்கி இன்ன நாளில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்று. மதிப்புள்ள ஆவணம்தான். ஆனால் அது பேசுவது எண்ணைப் பற்றி. கையிலிருக்கும் இரும்பைப் பார்த்து எழுதியதன்று. லிட்டில் பிக்ஹார்ன் போரை ஒட்டிய சந்தையில் இந்த வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. 1876 ஜூன் 25 அன்று அப்போரில் தம் தளபதி கஸ்டரோடு அழிந்த அமெரிக்க ஏழாம் குதிரைப்படையினரிடம் இந்தக் கோல்ட் துப்பாக்கிகள் இருந்தன. அக்காலத்து எண் வரிசைக்குள் விழுந்தாலே விலை பலமடங்காகிறது. பக்கத்து எண் போருக்குப் போனது என்பதால் இந்த எண்ணும் போனது என்றாகாது. இது தர்க்கத்தின் பாலபாடம். 1983 காட்டுத்தீக்குப் பின் அங்கே அகழ்ந்தவர்கள் சுடுமுள் தோட்டாக்கூட்டில் விட்ட தடத்தை வைத்துத் துப்பாக்கிகளைத் தனித்தனியே பிரித்தறிந்தார்கள். பொருளைப் பொருளோடு ஒப்பிடும் அந்தக் கட்டுப்பாடு ஏலப் பட்டியல்களில் காணக் கிடைப்பதில்லை.

ஆலையை விட்டு வெளியேறிய நொடியின் நிலையே அசல், பிற்பட்டதெல்லாம் சேதம் என்று வாதிடுவோர் உண்டு. ஓவியத்துக்கு அது பொருந்தலாம். ராணுவத் துப்பாக்கியின் வாழ்க்கையே ஆலைக்கு வெளியில்தான் தொடங்குகிறது. பணியில் இருந்த காலத்தில், படையின் ஆணைப்படி, பயன்பாட்டுக்காக நிகழ்ந்த மாற்றம் அப்பொருளின் வரலாறு. பணி முடிந்தபின் விற்பனைக்காக நிகழ்ந்தது அவ்வரலாற்றின் மீது பூசிய சாயம். சுவடியில் பழைய ஓதுவார் ஒருவர் இட்ட திருத்தத்தையும் விலைக்காக நேற்று எழுதிச் சேர்த்த வரியையும் பதிப்பாசிரியர் ஒன்றாக எண்ணுவதில்லை. இடைப்பட்ட வழக்குகளும் வரும். படையிலிருந்து விலகியவன் ஒருவன் 1890களில் தன் வசதிக்குக் குழலை அறுத்திருந்தால் அது மெய்யான பழமை, ஆனால் ராணுவ நிலை அன்று. அதற்குரிய மதிப்பை அதற்குத் தரலாம்.

இந்த அளவுகோலைக் கடுமையாகச் சோதிப்பது வேறொரு வகை. எண்கள் சிதறியது படைக்கலச் சாலையில் என்பதால், சிதறிய பாகங்கள் இன்றும் வெவ்வேறு துப்பாக்கிகளில் உயிரோடு இருக்கின்றன. பொறுமையும் பணமும் உள்ள ஒருவர் ஒரே எண்ணுள்ள சட்டகத்தையும் முதுகுப்பட்டையையும் உருளையையும் தேடிப்பிடித்து மீண்டும் ஒன்றுசேர்க்க முடியும். ஒவ்வொரு பாகமும் மெய், எண்ணும் மெய். ஹார்ட்ஃபோர்டில் ஒருமுறை இவை ஒன்றாகவே இருந்தன. எனினும் ஒவ்வொன்றின் தேய்மானமும் வேறு. உருளையின் நீலம் பழுப்பாகியிருக்கும், சட்டகத்தில் வேறொரு கிடங்கின் துரு இருக்கும். இப்படி ஒன்றுசேர்ப்பதற்காக, ராணுவம் விட்டுச்சென்ற நிலையிலேயே இருந்த இரண்டு மூன்று ஆர்ட்டிலரி துப்பாக்கிகள் கலைக்கப்பட்டிருக்கும். ‘ஒரே எண்’ விதி இதற்கு முதல் மதிப்பெண் தரும். நான் தரமாட்டேன். அட்டவணையில் இதைப் பதியும்போது சட்டகத்தின் ஆண்டை 1874 என்றும், துப்பாக்கியின் ஆண்டைச் சேர்த்தவர் சேர்த்த ஆண்டு என்றும் தனித்தனியே எழுத வேண்டும். கலைக்கப்பட்ட துப்பாக்கிகளின் சட்டக எண்களும் தெரிந்தால் அதே பதிவில் இடம்பெற வேண்டும்.