எருசலேமுக்குச் சென்ற காணிக்கை

ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பை நம்மிடம் வரும்போது, கையிலிருப்பதை இட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்த்துகிறோம். அத்துடன் நம் கடமையும் முடிந்ததாகக் கருதுகிறோம். தொடக்கத் திருச்சபையில் ஒரு காணிக்கை சென்ற பாதையை அறிந்தால், அவ்வாறு கருத நம் மனம் இசையாது.

கி.பி. 49ஆம் ஆண்டளவில், எருசலேமில் யாக்கோபு, கேபா, யோவான் ஆகியோர் பவுலுக்கும் பர்னபாவுக்கும் தோழமையின் வலக்கரம் நீட்டினர். பிற இனத்தாரிடையே நடைபெற்ற பணியை ஏற்றுக்கொண்டனர். ஏழைகளை மறவாதிருக்க வேண்டும் என்பதே அவர்கள் விடுத்த வேண்டுகோள். கிலவுதியு பேரரசர் காலத்துப் (41–54) பஞ்சத்தை யூதேயா அறிந்திருந்தது. எருசலேம் சபையிலும் வறியோர் இருந்தனர்.

அவ்வேண்டுகோளைப் பவுல் தம் பணியின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் வருவாய்க்கேற்ப ஒரு தொகையைச் சேர்த்துவைக்குமாறு கொரிந்தியருக்கு எழுதினார். வறுமையில் வாடிய மக்கெதோனியர் தங்கள் ஆற்றலுக்கு மேலாகவே கொடுத்தனர். பணத்தைக் கையாள்வதில் எவரும் குறைகூற இடமிராதபடி, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர் ஒருவரையும் தீத்துவோடு அனுப்பினார்.

தம் திருமுகங்களில் பவுல் இதனைப் பிச்சை என்று அழைக்கவில்லை. அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொற்களுள் ஒன்று ‘கொய்னோனியா’. நற்கருணை வழியாகக் கிறிஸ்துவின் உடலில் நாம் கொள்ளும் பங்கைக் குறிக்கவும் அவர் கையாண்ட சொல் அதுவே (1 கொரி 10:16). எருசலேமின் ஆவிக்குரிய செல்வத்தில் பங்குபெற்றோர், தம் உடைமையால் அச்சபைக்குத் தொண்டாற்றக் கடன்பட்டவர்கள் என்பது அவரது உறுதி.

ஆயினும் அவர் உள்ளத்தில் ஓர் அச்சம் இருந்தது. 57ஆம் ஆண்டளவில் உரோமையருக்கு எழுதுகையில், எருசலேம் இறைமக்கள் இத்தொண்டை ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடக் கேட்கிறார் (15:31). பசித்தோர் உதவியை மறுப்பார்களோ? விருத்தசேதனம் பெறாதோரின் கையிலிருந்து பெற்றுக்கொள்வது, அவர்களை உடன்பிறந்தோராக ஏற்றுக்கொள்வதாகும். பவுலின் அச்சம் அதைப் பற்றியதே.

பணத்தைப் பிறர் வழியாக அனுப்பிவிட்டு அவர் உரோமைக்குச் சென்றிருக்கலாம். ஆபத்தை அறிந்தும் தாமே எருசலேம் சென்றார். சகோதரர் அவரை மகிழ்வுடன் வரவேற்றனர். ஆனால் எபேசியரான துரோப்பிமைக் கோவிலுக்குள் கூட்டிவந்தார் என்னும் தவறான எண்ணத்தால் மக்கள் கொதித்தெழுந்தனர், பவுல் சிறைப்பட்டார். காணிக்கை ஏற்கப்பட்ட செய்தியை லூக்கா பதிவுசெய்யவில்லை. ஒற்றுமைக்காகச் சென்றவரின் கைகளில் பூட்டப்பட்ட விலங்கையே அவர் நமக்குக் காட்டுகிறார்.

கொடுப்பது நமக்கு எளிது. நாம் கொடுப்பதைப் பெறுகின்றவர் நம் இல்லத்துப் பந்தியில் நம்மருகே அமர்வதும், அவர் தருவதை நாம் நன்றியோடு பெற்றுக்கொள்வதும் எளிதாக உள்ளனவா? அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை நம் கைக்கு வரும்போது, இவ்வினாவையும் அதனோடு ஏந்திக்கொள்வோம்.