கொல்கத்தாவில் கைப்பேசிச் செயலிகளும் தனியுரிமைப் பாதுகாப்பும்

செயலியைப் பயன்படுத்துவோரின் அடையாளம், பணம், தொடர்புகள், இருப்பிடம் ஆகிய விவரங்கள் பிறர் கைக்குப் போகாமல் காக்கும் ஏற்பாடுகளே செயலிப் பாதுகாப்பு. கொல்கத்தாவில் இந்தப் பேச்சு வீடுதோறும் எழுந்தது 2023இல். அந்த ஆண்டு நகரவாசிகள் பலரின் வங்கிக் கணக்குகளிலிருந்து, ஓ.டி.பி. எதுவும் வராமலே பணம் போனது.

கைரேகைத் திருட்டு

ஏ.இ.பி.எஸ். எனப்படும் ஆதார்வழிப் பணப் பட்டுவாடாவில், வங்கியின் பெயரையும் ஆதார் எண்ணையும் சொல்லி, முகவரின் கருவியில் விரலை வைத்தால் பணம் கிடைக்கும். ரகசிய எண்ணும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். ஏ.டி.எம். இல்லாத ஊர்களில் முதியோருக்கு இது பெரிய உதவி. மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இந்த எளிமையைத்தான். மேற்கு வங்கத்தில் பத்திரப் பதிவின்போது வாங்குபவர், விற்பவர் இருவரின் கைரேகைகளும் பத்திரத்தில் சேர்கின்றன. இணையத்தில் ஏற்றப்பட்ட பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, சிலிக்கோனில் போலி விரல் அச்சு வார்த்துப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று காவல்துறை கண்டறிந்தது. வடக்கு தினாஜ்பூர் மாவட்டத்தில் சிலர் கைதானார்கள். பணத்தை இழந்தவர்கள் எந்தச் சுட்டியையும் தொடவில்லை, யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ரேகையை என்ன செய்வது?

எம்-ஆதார் பூட்டு

ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள் என்று கொல்கத்தா காவல்துறை மக்களைக் கேட்டுக்கொண்டது. எம்-ஆதார் செயலியிலோ ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ இதைச் செய்யலாம். செயலிக்கு நான்கு இலக்க ரகசிய எண் உண்டு. ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். பூட்டியபின் விரல், கருவிழி, முகம் மூன்றும் செல்லாது. உரியவரே விரலை வைத்தாலும் 330 என்ற பிழைக்குறிதான் வரும். புது சிம் வாங்கும்போதும் ரேஷன் கடையில் விரல் வைக்கும்போதும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். 10 நிமிடத்தில் அது தானே மறுபடி பூட்டிக்கொள்ளும்.

ஆதாரில் பதிந்த எண் கையில் இல்லாதவருக்கு இந்தப் பூட்டு பயன்படாது. முதலில் ஆதாரில் எண்ணை மாற்றியாக வேண்டும். செயலியே பழக்கமில்லாத பாட்டியின் ரேகையை அரசு இணையதளத்தில் காட்டிவிட்டு, பூட்டும் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைப்பது நியாயமில்லை. நகல் கேட்கும் இடங்களில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுப்பது நல்லது.

போலிச் செயலிகளும் அனுமதிகளும்

நகரத்து மின் நிறுவனமான சி.இ.எஸ்.சி.யின் பெயரில், கட்டணம் பாக்கி, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்திகள் வந்தன. நம்பி அழைப்பவரைத் திரைபகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். இறக்கிவிட்டால் அடுத்து வரும் ஓ.டி.பி.யை எதிர்முனையில் இருப்பவரும் படித்துவிடுவார். இத்தகைய செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. வங்கிச் செயலிகள் பலவற்றில் பகிரப்படும் திரை கறுப்பாகிவிடும். ஆனால் குறுஞ்செய்திப் பெட்டிக்கு அந்தக் காப்பு பொதுவாக இல்லை.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேமரா, தொடர்புகள் போன்றவற்றுக்குச் செயலி தேவைப்படும் நேரத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11இல் 'இந்த முறை மட்டும்' என்ற தேர்வும், 12இல் மைக்கோ கேமராவோ இயங்கினால் திரை மூலையில் பச்சைக் குறியும் வந்தன. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலை எடுத்து உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்திய கொடுமைக்குப் பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தொடர்புகள், கோப்புகள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றை அவை தொடக்கூடாது என்றது.

சர்வரில் சேர்ந்தபின்

செயலிக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலைக் காப்பது குறியாக்கம். இந்தியாவில் அத்துறைக்கு கொல்கத்தா முக்கியமான ஊர்: இந்தோகிரிப்ட் மாநாடு 2000இல் இங்கேதான் தொடங்கியது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆர்.சி. போஸ் பெயரில் குறியாக்கவியல் மையம் இயங்குகிறது. ஆனால் சேர்ந்த இடத்தில் தகவல் என்ன ஆகும் என்பது குறியாக்கத்தின் கையில் இல்லை. இ-நகெட்ஸ் என்ற விளையாட்டுச் செயலி வழக்கில், 2022 செப்டம்பரில் அமலாக்கத் துறை கொல்கத்தாவில் சோதனையிட்டு 17 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைப்பற்றியது. பயனர்கள் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி திடீரென நிறுத்தப்பட்டது என்றும், பயனர் விவரங்கள் உட்பட எல்லாத் தரவும் சர்வர்களிலிருந்து அழிக்கப்பட்டது என்றும் அத்துறை கூறியது. பணம் போட்டவர்களின் கணக்கு விவரமும் அதோடு போனது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலும், அதன் விதிகள் 2025 நவம்பரிலும் வந்தன. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிவிப்பதும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுப்பதும் கடமை. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர, விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. பணம் பறிபோனவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் மோசடிக்காரரின் கையில் சேர்வதற்குள் அதை முடக்க வாய்ப்புண்டு.