மூச்சை அளந்த சித்திரக்காரர்

ஓடும் சித்திரத்தின் உயிர் கோட்டிலே மட்டும் தங்கியிருப்பதன்று; காலத்திலும் இடைவெளியிலும் தங்கியிருக்கிறது. ஓர் அசைவுக்கு எத்தனை படங்கள் என்பது காலம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நகர்வு என்பது இடைவெளி. நகர்வு சிறிதானால் அசைவு மெதுவாகும், பெரிதானால் விரைவாகும்.

இதனை நன்குணர்ந்த முன்னோடி, அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரக்காரர் வின்சர் மக்கே. 1914ஆம் ஆண்டிலே, ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்து, 'கேர்ட்டி' என்னும் தொல்விலங்கைத் திரையில் நடமாடச் செய்தார். அவ்விலங்கு சும்மா நிற்கும்போதும் மூச்சுவிட வேண்டுமல்லவா? அதற்கு எத்தனை படங்கள் வேண்டும்? மக்கே கடிகாரத்தைப் பார்த்தபடி தாமே மூச்சை இழுத்தும் விட்டும் நேரத்தை அளந்தார். அந்நேரத்தைப் படக் கணக்காக மாற்றினார். அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, இடைப்பட்டவற்றைப் பாதி பாதியாகப் பகுத்துப் பின்னர் நிரப்பினார்.

இம்முறைக்கு அவர் காப்புரிமை தேடவில்லை. அதே ஆண்டில் ஜோன் பிறே என்பவர் சித்திரப்பட ஆக்கமுறைகள் சிலவற்றுக்குக் காப்புரிமை பெற்றுக்கொண்டார். மக்கேயோ தாம் கண்ட வழியைப் பொதுவழியாகவே விட்டுவைத்தார். இன்று கணினியிலே சித்திரங்களை இயக்குவோரும் முக்கிய நிலைகளை முதலில் குறித்து, இடைவெளியைப் பின்னர் வகுக்கின்றனர். நேயர்களே, அவர்கள் நடப்பது அந்தப் பொதுவழியிலேதான்.