முதுநிலைக் கணினி அறிவியலில் பரப்புப் பாடங்கள்

முதுநிலை மாணவர் தம் சிறப்புப் பிரிவோடு நின்றுவிடாமல் வேறு சில தாள்களையும் படித்துத் தேற வேண்டும் என்னும் விதி பரப்புப் பாட விதி எனப்படும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இதைப் பெயர் சொல்லியே விதிக்கிறது. காவிரி டெல்டாக் கல்லூரிகளில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. அதே வேலையை மையப் பாடங்களும் திறந்தநிலை விருப்பப் பாடமும் பங்கிட்டுச் செய்கின்றன.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, எம்.இ. கணினி அறிவியல் மாணவர் எவரும் நிகழ்தகவு, தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு, நிரல்மொழிக் கோட்பாடு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றைப் படித்தே ஆக வேண்டும். ஸ்டான்போர்டில் மாணவரே பட்டியலிலிருந்து பொறுக்குவதை இங்கே பாடத்திட்டக் குழு பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது. அடிப்படை எதுவும் விட்டுப்போகாது. தேர்வு உரிமைதான் சுருங்கும்.

துறைக்கு வெளியே செல்ல இருப்பது மூன்றாம் பருவத்தில் வரும் ஒரே தாள். மாணவர் பேச்சில் அது 'ஓப்பன் எலெக்டிவ்'. அதன் பட்டியலில் ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையும் உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்குமா என்று பார்த்துக் குறுவை தொடங்கும் மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் இருக்க முடியாது. முறைப்பாசனம், மதகு, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் நேரம் எல்லாமே கணக்கீட்டுச் சிக்கல்கள். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, வகுப்பு நடப்பது வேறு. எம்.இ. மாணவர் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள கல்லூரியில், எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவருடைய தாளே 'விருப்ப'ப் பாடம். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தும், வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளதால் இந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை.

தணிக்கைப் பாடங்கள் இன்னொரு வகை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018 மாதிரிப் பாடத்திட்டம் பேரிடர் மேலாண்மை, அரசமைப்புச் சட்டம் போன்றவற்றை இவ்வகையில் வைத்தது. அண்ணா பல்கலைக்கழகம் 'நற்றமிழ் இலக்கியம்' சேர்த்தது. கிரெடிட் கிடையாது, கட்டாயமும் இல்லை. அப்படியிருக்க, மாணவர் அக்கறை காட்டவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறை டெல்டாவின் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான திருமலைசமுத்திரம் சாஸ்த்ராவும், 2009இல் தொடங்கிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கின்றன. கலைக் கல்லூரிகளின் எம்.எஸ்ஸி. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பூண்டி புஷ்பம் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளுக்குச் சற்று கூடுதல் சுதந்திரம். எம்.சி.ஏ. 2020-21 முதல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்ததில் பரப்புக்கான இடமும் குறுகியது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இணையவழியில் படிக்க இடமளிக்கிறது. எடுக்கப்போகும் தாளைத் தம் நிறுவனம் ஏற்கிறதா என்பதைப் பருவம் தொடங்குமுன்பே மாணவர் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.