ஹெட்லைட் பல்பின் கதை

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பூனாவிலிருந்து காரிலேயே ஊருக்குக் கிளம்பும் நம்மவர்கள், டயரில் காற்று பார்ப்பார்கள், ஆயில் பார்ப்பார்கள். ஹெட்லைட் பல்பு மட்டும் அணைந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். கடைக்குப் போனால், 100/90 வாட் போடுங்கள், எல்.இ.டி. போடுங்கள், ராத்திரி பகலாகிவிடும் என்று ஆசை காட்டுவார்கள். எதை வாங்குவது? பதில் அந்தப் பல்பின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

ஆரம்ப காலக் கார்களில் கார்பைடு விளக்குதான். மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கப் போடுவார்களே, அதே கல். அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசெட்டிலீன் வாயு வரும். அதைக் கொளுத்திக்கொண்டு போனார்கள். 1912-ல் கெடிலாக், மின்சார ஸ்டார்ட்டரோடு மின்சார விளக்கையும் கொண்டு வந்தது.

வெளிச்சம் கூடக் கூட, எதிரே வருகிறவருக்குக் கண் கூசியது. அன்றிலிருந்து இன்றுவரை இதே இழுபறிதான். நமக்குப் பாதை தெரியவேண்டும், அவருக்குக் கண் கூசக்கூடாது. 1920-களின் நடுவில் ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு இழைகள் வந்தன. நம்மூர் லாரி, பஸ்களின் ஹெட்லைட்டில் கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்களே, அதுவும் இந்தக் கூச்சத்துக்குச் செய்த கைவைத்தியம்தான்.

அடுத்த பெரிய மாற்றம் ஹாலஜன். சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். உள்ளே கொஞ்சம் ஹாலஜன் வாயு சேர்த்தால், அது ஆவியான டங்ஸ்டனைத் திரும்ப இழைக்கே கொண்டு சேர்க்கும். 1962-ல் ஐரோப்பாவில் எச்1 வந்தது. அதில் ஒரே இழை. 1971-ல் இரண்டு இழைகளோடு எச்4 வந்தது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. இன்றும் நம் சாலைகளில் ஏராளமான கார்களில் இருப்பது இதுதான்.

எச்4 பல்பை உற்றுப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். கீழ்ப்பக்கம் போகும் ஒளியை அது மறைக்கிறது. மறைக்காவிட்டால் அந்த ஒளி ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே எழும்பி எதிராளியின் கண்ணில் அடிக்கும். இழை எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது மில்லிமீட்டர் கணக்கு. ஆக, பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒரு ஜோடி.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். கரன்ட் கூடினால் ஒயர் சூடு அதன் வர்க்கத்தில் கூடும், அதாவது இரண்டே முக்கால் மடங்கு. ஹோல்டர் உருகுவது இதனால்தான். எல்.இ.டி.யில் இழையே கிடையாது, தட்டையான சில்லுகள்தான். ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் அதை மாட்டினால் ஒளி சிதறும். 1991-ல் பி.எம்.டபிள்யூ. செனான் கொண்டு வந்தபோதும், 2007-ல் லெக்சஸ் எல்.இ.டி. கொண்டு வந்தபோதும், விளக்கையே அதற்கென்று தனியாக வடிவமைத்தார்கள்.

ஆகவே, பழைய பல்பின் அடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதே வகை, அதே வாட். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் எண்ணும் போட்ட ஐரோப்பிய முத்திரை இருந்தால் நல்லது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயசுதான். கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். மாற்றியும் வெளிச்சம் போதவில்லையா? முகப்பு மஞ்சளாகிவிட்டதா, ஒயர் இணைப்பு சரியா என்று பாருங்கள். வாட்டைக் கூட்டாதீர்கள்.

எதிரே வருகிற வண்டியிலும் நம்மைப் போல் ஒரு குடும்பம் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும். எல்லோரும் நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும்.