தையல் போட்டதோடு முடியவில்லை

சேமிப்பு, கடன், கிராம சபை என்று நம் மலரில் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எம். புதுப்பட்டிப் பக்கம் குழுக் கூட்டம் முடிந்து நோட்டை மூடிய பிறகுதான் சில பேச்சு வரும். "தும்முனா நீர் வந்துருதுக்கா", "கீழ என்னமோ இறங்குன மாதிரி இருக்கு". இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதலாம் என்று நினைத்தேன்.

பிரசவத்தில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் கிழிவது புதிதல்ல. தோலோடு நின்றால் சீக்கிரம் ஆறிவிடும். தசை கிழிந்தால் தையல் வேண்டும். ஆசனவாய் வரை போய்விட்டால் தெரிந்த டாக்டர்தான் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றும் மலமும் அடக்க முடியாமல் போகலாம். இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி தசை இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்தில் அது அடிபட்டுத் தளர்ந்தால் நீர் கசியும், கர்ப்பப்பை இறங்கும்.

இத்தாலியில் சலேர்னோ என்ற ஊரில் 12-ம் நூற்றாண்டிலேயே, கிழிசலைப் பட்டு நூலால் தைக்க வேண்டும் என்று வைத்திய நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமாருக்கு மருத்துவச்சியின் கைதான் எல்லாம். பத்தியம், வெந்நீர், எண்ணெய் உண்டு, தையல் கிடையாது. சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்தது. ஆனால் ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டே எத்தனை பேர் வீட்டில் கிடந்திருப்பார்கள்! 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்தது அதனால்தான் பெரிய விஷயம். 1912-ல் அங்கே படித்து முடித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் இப்போது மகப்பேறு உதவித்தொகை வாங்குகிறோம். 1987-ல் 300 ரூபாயாக ஆரம்பித்தது, 2018-ல் 18,000 ஆனது.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் நர்சுகள், 2008-ல் 108 வண்டி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். தாய் சாவது வெகுவாகக் குறைந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செத்தவர்களுக்குத்தான் கணக்கு எழுதினார்கள். பிழைத்து வந்தவள் எப்படி நடக்கிறாள், எப்படி உட்காருகிறாள் என்று எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை. நம் குழுவில் இப்படி ஒரு பக்கம் மட்டும் எழுதினால் தணிக்கையில் விடுவார்களா?

அந்த விடுபட்ட பக்கத்தைக் கேட்டது நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான். செங்கல்பட்டுப் பக்கம் 1981-ல் தலித் பெண்களும் சுந்தரி ரவீந்திரன் அவர்களும் சேர்ந்து கிராமப்புறப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம் ஒன்று தொடங்கினார்கள். ரூவ்செக் என்பார்கள். அந்தப் பெண்கள் டாக்டர்கள் இல்லை. ஊர் ஊராகப் போய், கர்ப்பப்பை இறங்கிய பெண்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது 1999-ல் ஆய்வாக அச்சில் வந்தது. வயதானவர்கள் நோய் என்று நினைத்தது இளம் வயசிலேயே வந்திருக்கிறது. பிரசவம் பார்த்த விதம், உடம்பு தேறுமுன் வேலைக்குத் திரும்பியது, கனம் தூக்கியது என்று காரணத்தை அந்தப் பெண்களே சொன்னார்கள். வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் களை எடுத்து, நடவு நட்டு, புருஷனிடமும் ஏச்சு வாங்கி இருந்திருக்கிறார்கள். படிக்கும்போது நம் தெருவில் கேட்ட பேச்சு மாதிரியே இருந்தது.

வைத்தியம் இல்லாமல் இல்லை. 1948-லேயே அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல், அந்தத் தொட்டில் தசைக்கு ஒரு பயிற்சி எழுதி வைத்தார். காற்றை அடக்குவதுபோல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல விட வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, ஒன்றுக்குப் போகும்போது செய்யக் கூடாது. குறைந்தது மூன்று மாசம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். திரி வெட்டிக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பெரிய கிழிசல் ஆனவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள்.

இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்க வளையம் வைப்பார்கள். எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். பம்பாய் டாக்டர் ஷிரோத்கர், கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டும் ஆபரேஷனைப் போன நூற்றாண்டிலேயே கொண்டுவந்தார். இன்னொன்று, எல்லாருக்கும் வழக்கமாகக் கத்தரி வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் மகளுக்குப் பிரசவம் என்றால் எதற்கு வெட்டினார்கள், எவ்வளவு கிழிந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

2017 முதல் சட்டப்படி பிரசவ விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும், பீஸ் கணக்கில் பயர் ஆபீஸ் போகிறவளுக்கும் அந்த 26 வாரம் எங்கே? கசியும் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதனால் எரிச்சல்தான் கூடும். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைக்கலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. நோட்டை மூடுமுன்பே இந்தப் பேச்சை எடுக்கப் போகிறோம்.