தூக்குநூல் காட்டிய மலைவேர்

கங்கைச் சமவெளியின் கலியானாவுக்கும் மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் இடையிலான அட்சரேகை வேறுபாட்டை நில அளவையாளர் இருவழிகளில் கணித்தனர். முக்கோண அளவையும் விண்மீன் நோக்கும் தந்த விடைகள் 5.236 விகலை முரண்பட்டன. எவரெஸ்ட் அதனை அளவைப் பிழையாகவே கருதினார். கல்கத்தா ஆர்ச்டீக்கன் பிராட்டோ, இமயத்தின் ஈர்ப்பு தூக்குநூலைச் சாய்த்ததென்று கொண்டு கணக்கிட்டார், கிடைத்தது 15.885 விகலை, ஏறத்தாழ மும்மடங்கு.

மலை தன் பருமனுக்கேற்ப இழுக்கவில்லை. அடர்த்தி குறைந்த வேர் அதனடியில் ஆழ்ந்துள்ளது என 1855இல் ஜார்ஜ் எய்ரி விளக்கினார். மலையின் பொருளே அடர்த்தி குறைந்தது என்பது பிராட்டின் பிந்தைய விளக்கம்.

ஈர்ப்பை ஊசல்களால் நேரடியாக அளந்துவந்த பசேவி, 1871இல் லடாக்கில் பணியிடையே உயிர்நீத்தார். அவர் அங்கு பெற்ற அளவீடு அக்குறையை உறுதிசெய்தது. பாடநூல்களில் எய்ரி, பிராட் கோட்பாடுகள் நிலைத்துவிட்டன. அவற்றைக் களத்தில் சோதித்தவரின் பெயர் அரிதாகவே நினைக்கப்படுகிறது.